பன்னீர் திராட்சையோடு மோன்பெலியே வரை

தேனி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நிற்கிறேன். போடியிலிருந்து வாரத்தில் 3 நாள் மட்டும் வருகிற வண்டி. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். இடைப்பட்ட காலத்தில் படித்து வெளியே போன எங்கள் பிள்ளைகளெல்லாம் ராத்திரி பஸ்ஸில் போனார்கள், இல்லாவிட்டால் மதுரை போய் ரயில் பிடித்தார்கள். உள்ளூரிலேயே ஏறிப் படுத்துக்கொண்டு சென்னையில் விழிப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத்தான் தெரியும்.

நான் போவது பிரான்சின் தென்கடலோரப் பகுதியில் இருக்கும் மோன்பெலியே நகரில் நடக்கும் திராட்சை பற்றிய கருத்தரங்குக்கு. விசாவுக்கும் இதே வண்டியில்தான் போய் வந்தேன். விரல்ரேகையை நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். அழைப்புக் கடிதம், தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 90 யூரோ கட்டணம். கம்பத்திலிருந்து புறப்படுகிறவருக்கு இவற்றோடு ஒரு சென்னைப் பயணச் செலவும் சேரும். அழைப்புக் கடிதத்தைச் சில மாதம் முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

நான் பேசப்போவது பன்னீர் திராட்சையைப் பற்றி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திராட்சையின் ரகம் மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். புறப்படுமுன் சுருளிப்பட்டியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்குக் கீழே கவாத்து நடந்துகொண்டிருந்தது. "அங்கயும் நம்மள மாதிரி வருஷம் பூரா காய்க்குமா தம்பி?" என்று கேட்டார் தோட்டத்து அண்ணன்.

பாரிஸில் இறங்கியவர் ஊருக்குள் போகத் தேவையில்லை. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் ஏறலாம். டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். மோன்பெலியேவுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. சேன் ரோக் நகர நடுவில் இருக்கிறது. 2018-இல் திறந்தது ஊருக்கு வெளியே. நீம் நகரைத் தாண்டியதும் இருபக்கமும் திராட்சைதான், ஆனால் பந்தலைக் காணோம். இடுப்புயரக் கொடிகள் கம்பி பிடித்து வரிசையாக நிற்கின்றன. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் கொடிகள். ஆண்டுக்கு ஒரே அறுவடை. அண்ணனுக்கு அப்போதே போனில் சொன்னேன்.

சேன் ரோக் நிலையத்தை ஒட்டி ஒரு பூங்கா. அங்கே தாவரவியலாளர் பிளான்ஷோனின் நினைவுச் சின்னம். பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் காய்ந்து அழிந்துகொண்டிருந்தபோது, 1868-இல் வேரைத் தோண்டிப் பார்த்து அங்கே ஒட்டியிருந்த பிலாக்சரா பூச்சியைக் கண்டுபிடித்த குழுவில் ஒருவர். பிறகு அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டித்தான் அந்தத் தோட்டங்கள் மீண்டன. சின்னத்தில் அவருடைய மார்பளவுச் சிலைக்குக் கீழே ஓர் உழவர் நின்று திராட்சைக் குலையை அவரை நோக்கி நீட்டுகிறார். நீண்ட நேரம் அங்கேயே நின்றேன். ஆய்வாளருக்கு எடுத்த சின்னத்தில் உழவருக்கும் ஆள் உருவம் கொடுத்திருக்கிறார்களே, அந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது.

ஊருக்குள் போய்வர டிராம் உண்டு. அதில் உள்ளூர்வாசிகளுக்கு 2023 டிசம்பரிலிருந்து கட்டணமில்லை. வெளியூர்க்காரர் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கருத்தரங்கில், நம் பக்கம் கவாத்து செய்த 4 மாதத்தில் அறுவடை என்று நான் சொன்னதும் அரங்கில் சலசலப்பு. வந்தூ மலையடிவாரத்தில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கை வளர்க்கும் விவசாயி ஒருவர் எழுந்தார். ஓய்வே இல்லாமல் காய்த்தால் கொடி எத்தனை ஆண்டு தாங்கும், அடிச்சாம்பல் நோயை மழைக்காலத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டார். நான் படித்ததையும் பார்த்ததையும் சொன்னேன். அவருக்கு வேண்டியிருந்தது கொடியோடு புழங்கிய கையின் பதில். அதைச் சொல்ல வேண்டியவர் சுருளிப்பட்டியில் இருக்கிறார்.

ஆனைமலையன்பட்டியில் நமக்குத் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கிருந்து ஆய்வாளர் ஒருவர் போனால் கூடவே விவசாயி ஒருவரும் போக வேண்டும். அவருடைய விசா, டிக்கெட், மொழிபெயர்ப்பாளர் செலவைக் கருத்தரங்கு நடத்துகிறவர்களே ஏற்க வேண்டும். மாலையில் ஏற்பாட்டாளர்களிடம் இதை எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, பெயர் சொல்லுங்கள், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். உடனே விண்ணப்பிக்கச் சொல்லி மறுநாள் காலை அண்ணனைக் கூப்பிட்டேன்.