மணிலாவிலிருந்து வந்த மாதா

கன்னிவாடிப் பக்கம் தண்ணீரைக் காக்கும் தெய்வங்கள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. குளக்கரையில் அய்யனார், மடையோரம் கன்னிமார். மழை பொய்த்தாலும் அங்கேயேதான். அந்த மலையடிவாரத்திலிருந்து ஒருவர், ஜப்பானின் கடல் தெய்வங்களைப் பற்றிப் படித்த சூட்டில், நம் கடலுக்கு யார் காவல் என்று பார்க்கக் கிளம்பினார். திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி.

பனியே விழாத ஊரில் பனிமய மாதா! 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்த சுரூபம் என்பது கோயில் வரலாறு. மணிலா ஸ்பானியர் கைக்கு வந்ததே 1571இல்தானே என்று படித்தவர்கள் இழுக்கலாம்; கடற்கரையில் அதைக் கேட்க ஆளில்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் ஊரே திரள்கிறது.

"மாதாவைக் கும்பிடாம வள்ளம் எறங்காது அண்ணாச்சி" என்றார் வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த பெரியவர். நைலான் இழையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். பேச்சு ஓடினாலும் கை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லையாம்.

இந்த ஓய்வு பழைய வழக்கம்தான். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், முழுநிலா நாளில் மீன்பிடிக்கப் போகாமல், சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நாள் மாறியது, தெய்வம் மாறியது, விடுப்பு மாறவில்லை.

கடல் தெய்வம் பெரும்பாலும் வெளியூர்க்காரர். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது பிறந்தது வடக்கே மாணிக்கப்பூரில். ஓட்டை விழுந்த கப்பலைக் கண்ணாடி எறிந்து காப்பாற்றினார் என்பது அவரைப் பற்றிய கதை. அந்த நம்பிக்கையைக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்கள் 1830 வாக்கில் சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்கா கட்டிவிட்டார்கள்.

ஜப்பானிலும் இதே கதைதான். அங்கே அதிர்ஷ்ட தெய்வங்கள் ஏழு; அவற்றில் எபிசு மட்டுமே உள்ளூர்க்காரர் என்பார்கள். கையில் தூண்டில், கக்கத்தில் செந்நிற மீன், முகம் நிறையச் சிரிப்பு. ஆனால் மீனவர்களுக்கு அவரும் கடல் தாண்டி வந்தவரே. திமிங்கிலத்தை எபிசு என்பார்கள். அலையில் மிதந்து வந்த பிணத்தைக்கூடச் சில ஊர்களில் எபிசு என்று கரையேற்றினார்கள், மீன்பாடு பெருகும் என்று. ஏழு பேரில் ஒருத்தியான பென்சைட்டென் நம் சரஸ்வதி. எனோஷிமா தீவில் கோயில், கையில் வீணைக்குப் பதில் பிவா.

நெய்தலுக்குத் தொல்காப்பியம் சொன்ன தெய்வம் வருணன். தூத்துக்குடியில் விசாரித்த இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு சன்னதிகூடத் தென்படவில்லை. பௌத்தத்தோடு ஜப்பான் போய்ச் 'சுய்டென்' ஆகிவிட்ட அவர் பெயரில் டோக்கியோவில் கோயில் இருக்கிறது: சுய்டெங்கு. 1868க்குப் பின் அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது கருவறையில் வேறு தெய்வத்துக்கு இடம் போனது. 1185இல் டான்-னோ-உரா கடற்போரில் மூழ்கிய குழந்தைப் பேரரசர் அன்டொகுவும் அங்கே வழிபடப்படுகிறார். இப்போது அங்கே வருபவர்களில் மீனவர்களைவிடக் கர்ப்பிணிகளே அதிகம். சுகப்பிரசவம் வேண்டி வயிற்றில் கட்டும் துணியை வாங்கிப் போகிறார்கள்.