குணசேகரனைத் திட்டினோம்... மாரிமுத்துவுக்காக அழுதோம்!

ராத்திரி ஒன்பதரை மணியானால் எங்கள் வீட்டு ஹாலில் திட்டுச் சத்தம் கேட்கும். குடும்பச் சண்டை இல்லைங்க, சன் டி.வி 'எதிர்நீச்சல்' சீரியல்! ஆதி குணசேகரன் திரையில் வந்து, 'ஏய்... இந்தாம்மா' என்று வீட்டுப் பெண்களை அதட்டியதுமே என் மாமியார் ஆரம்பித்துவிடுவார். ''கட்டையில போறவனே... நீ நல்லா இருப்பியாடா?'' நானும் ஓரகத்தியும் சேர்ந்துகொள்வோம். மூன்று பேருக்கும் அதில் அப்படியொரு திருப்தி.

அதற்குக் காரணம் உண்டு. அத்தைக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ''பொம்பள சம்பாதிச்சு சாப்பிடுற நிலைமையில இந்த வீடு இல்ல'' என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். அந்த ஆர்டர் இன்னமும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. மாமாவை எதிர்த்து அத்தை ஒரு சொல் பேசி நான் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மாமா தூங்கப் போன பிறகு, அவரிடம் கேட்க முடியாததையெல்லாம் குணசேகரனிடம் கேட்பார்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. சமையலறையில் இருந்தபோது ஓரகத்தி போனுடன் ஓடி வந்தாள். ''அக்கா, குணசேகரன் செத்துட்டாராம்!'' சீரியலில்தான் ஏதோ திருப்பம் என்று நினைத்தேன். நடிகர் மாரிமுத்துதான் இறந்துபோயிருந்தார். அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்திருக்கிறது. வயது 56.

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ''நேத்துகூட கட்டையில போறவனேன்னு சொன்னேனேடி...'' என்று திரும்பத் திரும்பப் புலம்பினார். ''சீரியலைத்தானே அத்தை திட்டினோம்'' என்று சமாதானம் சொன்னேன். ஆனால், என் மனசும் குறுகுறுத்தது உண்மை. அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அத்தை அழுதார்.

பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். தேனி மாவட்டத்திலிருந்து சினிமா கனவோடு சென்னைக்கு வந்தவர். பல வருடங்கள் உதவி இயக்குநராக இருந்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு, வீடு வீடாக அவர் முகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாங்கள் வெறுத்த அந்த குணசேகரன்தான். நாங்கள் திட்டியதுதான் அவருக்குக் கிடைத்த பாராட்டோ என்னவோ!

அடுத்த மாதமே எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். 'இனி யார் வந்தாலும் ஒட்டாது' என்று சொன்ன நானே, கொஞ்ச நாளில் கதைக்குள் போய்விட்டேன். அதை நினைத்தால் கூச்சமாக இருந்தது. 2020 டிசம்பரில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 28 வயதில் போனபோதும் இப்படித்தான். அழுதோம், புது முல்லைக்கும் பழகினோம். 'மெட்டி ஒலி' விஜியாக வந்த உமா, 2021-ல் நாற்பது வயதில் காலமானார். இப்போதும் யூடியூபில் விஜி சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்க்கவும் ஆசை, பார்த்தால் மனசு கனக்கிறது.

சில மாதங்கள் கழித்து டி.வி-யில் 'பரியேறும் பெருமாள்' போட்டார்கள். அதில் கதாநாயகியின் அப்பா மாரிமுத்து. தன் சாதிசனத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவே தவிக்கிற மனிதர். அத்தை ரிமோட்டைக் கையில் எடுக்கவே இல்லை. ''இந்த முகத்துல இவ்வளவு பாவம் இருந்திருக்கே... நாமதான் கவனிக்கல'' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: ''அந்த மனுசன் வந்து நின்னாரு, நான் வாயைத் திறந்தேன். இல்லேன்னா எல்லாத்தையும் உள்ளேயே வெச்சிருந்து செத்திருப்பேன்.''

என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புது குணசேகரனையும் அத்தை விடவில்லை, தினமும் திட்டினார். ஆனால், 'கட்டையில போறவனே' மட்டும் வரவே இல்லை. ''உனக்கு ராத்திரி சோறு கிடைக்காது போடா'' என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஏன் அத்தை என்று கேட்டால், ''நடிக்கிறவரு நல்லா இருக்கணும்ல'' என்றார்.