மகிழ மரத்தடி தீம் பார்க்!

சிங்கப்பூர் போனால் நரகத்தையே பார்த்துவிட்டு வரலாம் சார்! 'டைகர் பாம்' தைலக்காரர் 1937-ல் கட்டிய ஹாபார் வில்லாவில், பாவிகளுக்குத் தண்டனை தரும் பத்து நரகங்கள் - பொம்மைகளாக!

"தீம் பார்க் எல்லாம் ஈ.சி.ஆர். பக்கமே இருக்கே, நம்ம வடசென்னைக்கு?" என்றார் ராயபுரம் நண்பர். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

சங்கிலியாரிடம் 'பிரியேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும் சுந்தரர். "அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போயிடும்" என்று சிவனிடமே டீல்! சிவனோ பெண்ணின் கனவில் போட்டுக் கொடுத்துவிட்டார். சத்தியம் மரத்தடியிலேயே நடந்தது. பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார்... கண் போச்சு! மாசித் திருவிழாவில் வருஷா வருஷம் 'மகிழடி சேவை'யாக இந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டுகிறார்கள். டிக்கெட் கிடையாது.

நண்பர் வாட்ச்சைப் பார்த்தார். "ஆறு மணிக்கு வர்றேன்னு வீட்ல சத்தியம் பண்ணியிருக்கேன்பா!"

ஷேர் ஆட்டோவில் தொற்றி ஏறிவிட்டார்.