செகுஹாரா என்றொரு குற்றம் இல்லை

போன வருடம் ஒரு கிராமத்தில் இளைஞர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். 'அட்ராசிட்டி' என்றதும் பின்வரிசையில் இருவர் சிரித்துவிட்டார்கள். சேட்டைக்குத்தானே இன்று அந்தச் சொல்! வீடு திரும்பும்போது ஜப்பானியர்களின் 'செகுஹாரா' ஞாபகம் வந்தது.

செக்சுவல் ஹராஸ்மெண்டின் சுருக்கம் அது. 1989இல் ஃபுகுவோகாவில் ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு அந்தச் சொல் புதுச்சொல் விருது பெற்றது. அதுவரை பெயரில்லாமல் சகித்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது. வார இதழ்கள் அதையே கேலியாக்கின. 2018இல் நிதியமைச்சக உயரதிகாரி மீது பெண் பத்திரிகையாளர் புகார் சொன்னபோது, அமைச்சர் தாரோ அசோ 'செகுஹாரா குற்றம் என்று ஒரு குற்றம் இல்லை' என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

அந்நியச் சொற்களை ஜப்பானியர் கதகனா என்ற தனி எழுத்தில் எழுதுவார்கள். பார்த்ததுமே தெரியும், இது விருந்தாளி என்று. 2020இல் கொரோனா காலத்தில் 'லாக்டவுன்', 'கிளஸ்டர்' எல்லாம் எதற்கு, ஜப்பானியச் சொல் இல்லையா என்று அமைச்சர் தாரோ கோனோ கேட்டார். முதியவர்களுக்குப் புரியாது என்பது நியாயம்தான். என் கவலை வேறு.

கியோட்டோவில் கொரியப் பள்ளி வாசலில் ஒலிபெருக்கி வைத்துக் குழந்தைகளை இழிவுபடுத்திய கும்பல், சுமார் 1 கோடியே 20 லட்சம் யென் இழப்பீடு தரவேண்டும் என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ஹெய்டோ ஸ்பீச்சி', அதாவது வெறுப்புப் பேச்சு, அந்த ஆண்டு நாடெங்கும் பரவியது. 2016இல் சட்டமும் வந்தது. ஆனால் சட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இல்லை. 'நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தோருக்கு எதிரான நியாயமற்ற பாகுபாட்டுப் பேச்சு' என்று நல்ல ஜப்பானியத்தில் எழுதிவிட்டார்கள்.

புராக்கு மக்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லையே! தோல் பதனிட்டதற்காகவும் மாடு அறுத்ததற்காகவும் தலைமுறைகளாக ஒதுக்கப்பட்ட ஜப்பானியர்கள் அவர்கள். தெருவில் கத்தப்பட்ட வசவு அவர்களையும் தொட்டது. கதகனாச் சொல்லுக்குள் அவர்களுக்கு இடம் இருந்தது. சட்டத்தின் தூய ஜப்பானியத்தில் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அவர்களுக்குத் தனிச்சட்டம் வந்தது. அதிலும் தண்டனைப் பிரிவு கிடையாது.