சி219 எதைப் பற்றுகிறது?

இதயத் தசையின் மெல்லிய சீவல் மீது சி219 என்ற எதிர்ப்பொருளை இட்டால், தசைநார்கள் அழுத்தமாக நிறமேறுகின்றன. அது கண்டுபிடிக்க வேண்டியதோ செல் சவ்வில் இருக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்னும் கடத்திப் புரதத்தை. அப்படியிருக்க, சவ்வை விட்டுவிட்டு நார் முழுக்க எப்படி நிறமேறும்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பழைய ஆய்வுத்தாள்களைப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் விடை 1989இல் கிடைத்தது. தீபோ குழுவினர் தசையில் சி219 பற்றுவது மயோசின் என்ற சுருங்கு புரதத்தின் கனச் சங்கிலியை என்று அந்த ஆண்டு காட்டியிருந்தார்கள். கடத்திக்கும் மயோசினுக்கும் உறவே இல்லை. பிறகு ஏன் இந்தக் குழப்பம்?

காரணம் 1990இல் வெளியான இன்னோர் ஆய்வில் இருந்தது. சி219 அடையாளம் காண்பது ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை: வேலைன், குளுட்டமின், குளுட்டமிக் அமிலம், அலனைன், லியூசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம். கடத்தியோ 1,280 அமினோ அமிலங்களால் ஆனது. இவ்வளவு சிறிய துண்டை ஒத்த வரிசை வேறொரு புரதத்திலும் அமைந்துவிடலாம்.

இந்தத் துண்டு எப்படி இலக்கானது என்று அறிய, எதிர்ப்பொருள் பிறந்த டொரன்டோவுக்குப் போக வேண்டும். 1976இல் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கோல்ச்சிசின் மருந்துக்குச் சாகாத வெள்ளெலிச் செல்களின் மேற்பரப்பில் இந்தக் கடத்திப் புரதத்தைக் கண்டார்கள். செல்லுக்குள் நுழையும் மருந்தை ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு வெளியே இறைக்கும் பம்பு இது. புற்றுநோய்க் கட்டியில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் காட்டிய ஒற்றைக்கால்வழி எதிர்ப்பொருள் முறையைக் கொண்டு, லிங்கின் குழு 1985இல் சி219ஐ வெளியிட்டது. வெள்ளெலி, மனிதன் என்ற பேதமின்றி எல்லாவற்றிலும் அது வேலை செய்தது. செல்லின் உட்பக்கம், ஏ.டி.பி. பிணையும் இடத்துக்கு அருகே, உயிரினம் மாறினாலும் அதிகம் மாறாத பகுதியை அது பற்றியதே அதற்குக் காரணம். அதே பண்பால், கல்லீரலில் இருக்கும் எம்.டி.ஆர்.3 என்ற நெருங்கிய உறவுப் புரதத்தையும் அது பிடிக்கிறது.

அப்படியானால் சி219 காட்டிய எல்லாமே பொய்யா? இல்லை. ஜப்பானில் ஹமாதாவும் சுருவோவும் 1986இல் வெளியிட்ட எம்.ஆர்.கே.16, மனிதக் கடத்தியின் வெளிப்பகுதியைப் பற்றும் வேறோர் எதிர்ப்பொருள். தசையில் அது நிறம் தரவில்லை. மூளையின் நுண்குழாய்களிலோ இரண்டுமே நிறம் தந்தன. வேறு வேறு இடத்தைப் பற்றும் இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே திசுவைச் சுட்டும்போது அந்தச் சாட்சிக்கு வலு கூடுகிறது.

அதை உறுதிசெய்தது எலி. 1994இல் ஆம்ஸ்டர்டாமில் ஷின்கெல் குழுவினர் இந்தக் கடத்திக்கான ஒரு மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். உண்ணியை ஒழிக்கத் தெளித்த ஐவர்மெக்டின், மற்ற எலிகளுக்குத் தீங்கு செய்யாமல் இவற்றை மட்டும் கொன்றது. மருந்து அவற்றின் மூளையில் சாதாரண எலியைவிட 80 மடங்குக்கும் மேல் சேர்ந்திருந்தது. நுண்குழாயில் நிறமாகத் தெரிந்த பம்பு மூளையைக் காத்துவந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மரபணு நீக்கிய அந்தத் திசு, எதிர்ப்பொருளைச் சோதிக்கும் உரைகல்லும் ஆனது.

புற்றுக்கட்டிகளில் இந்தப் புரதத்தைத் தேடும் முறைகள் பற்றி 1996இல் வந்த கூட்டுப் பரிந்துரையும், வேறு வேறு இடங்களைப் பற்றும் இரண்டு எதிர்ப்பொருள்களாவது வேண்டும் என்றே சொல்கிறது. கட்டியோடு ஒட்டிவந்த தசையின் நிறத்தைப் பார்த்து மருந்து பலிக்காது என்று முடிவுகட்டினால், அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

ஆய்வகத்தில் புதிதாகக் காலடி வைக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: குப்பியின் மேல் எழுதிய புரதத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அந்த எதிர்ப்பொருள் எந்தத் துண்டைப் பற்றுகிறது என்று படியுங்கள். அந்தப் புரதமே இல்லாத திசுவை அருகில் வைத்துச் சோதியுங்கள். பிறகு நிறத்தை நம்புங்கள்.