குறை எங்கே இருந்தது?



மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிலாக்கால இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் செல்வோர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்து அவ்வொலியைக் கேட்பார்கள். ஒன்று கேட்கவில்லை என்றால் குறை காதிலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒலி வந்து சேரும் வழியிலும் இருக்கலாம். இதை நான் பிந்தியே உணர்ந்தேன்.

எங்களிடம் பழைய வான் ஒன்று உண்டு. அப்பா பல ஆண்டுகள் ஓட்டிய வான் அது. இப்போது நான் ஓட்ட, அவர் முன் ஆசனத்தில் அமர்ந்து காலைச் செய்தி கேட்பார். சில மாதங்களாக, "என்ன சொன்னவன்?" என்று அடிக்கடி கேட்கத் தொடங்கினார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தோம். அவரும் அதை நம்பிவிட்டார்.

ஒருநாள் என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் வானில் வந்தான். "சேர், செய்தி எனக்கும் விளங்கவில்லை" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று மாலையே பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு டாஷ்போட்டைத் திறந்தேன். இரு ஒலிபெருக்கிகளிலும் காகிதக் கூம்பு வெயிலில் உக்கி ஓரத்தில் கிழிந்திருந்தது. உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பிடித்திருந்தன. காந்தத்தின் பின்புறத்தில் 4 ஓம் என்று எழுதியிருந்தது. நான் கலைப் பட்டதாரி. ஆயினும் சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதி கைகொடுத்தது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். வானொலிப் பெட்டி சூடேறிப் பழுதாகலாம். ஆகவே அதே அளவில், அதே 4 ஓமில் இரண்டு வாங்கிப் பூட்டினேன்.

ஆனாலும் குரல் மெலிந்தே ஒலித்தது. அவசரத்தில் ஒன்றுக்கு நேர், மறை வயர்களை மாற்றிப் பொருத்தியிருந்தேன். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றையது பின்னே இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். வயர்களைக் கழற்றி, 1.5 வோல்ற் உலர்மின்கலத்தை ஒவ்வொரு ஒலிபெருக்கியின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். கூம்பு வெளியே தள்ளும்போது மின்கலத்தின் நேர்முனை தொட்டிருக்கும் முனையே ஒலிபெருக்கியின் நேர்முனை. அதன்படி வயர்களைத் திருத்தினேன்.

மறுநாள் காலை, 2013 இல் திறக்கப்பட்ட கல்லடிப் புதிய பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் 1924 இல் திறக்கப்பட்ட பழைய பாலம் தெரிந்தது. செய்தி முடிந்ததும் அப்பா அதை எனக்கே திருப்பிச் சொன்னார். பிறகு மெதுவாக, "தம்பி, அப்ப என்ர காது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாணவர்களே, நோயின் காரணத்தை அறிந்தபின் மருந்து செய்யும்படி 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார். பரீட்சையிலும் வினா எதைக் கேட்கிறது என்று அறிந்தபின் எழுதுங்கள். விடை பிழைத்தால், "எனக்கு மூளையில்லை" என்று சோராமல் எந்தப் படியில் பிழைத்தது என்று தேடுங்கள். வகுப்பில் பேசாதிருக்கும் நண்பனையும் மந்தபுத்திக்காரன் என்று தீர்மானித்துவிடாதீர்கள். அவனுக்குப் பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.