பத்துக்கு இரண்டு

ஊர் ஆலங்குளம் என்று சொன்னால், "தென்காசிப் பக்கமா?" என்பார்கள். "இல்லை, சிமெண்ட் ஆலங்குளம்" என்பேன். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். ஆலைச் சங்குச் சத்தத்தைக் கேட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். பிறகு பொருளியல் படித்தேன். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் அதையே நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் காலத்தில் செய்த ஒரு பிழையை எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை விளக்கம் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் எங்கே இருக்கிறான் என்றும் எனக்குத் தெரியாது.

முதலில் சின்னப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. வகுப்புக்குப் பொருளியல் சிந்தனை வரலாறு என் பாடம். வால்ராஸ், மெங்கர், பரேட்டோ, விக்செல் என்று ஐரோப்பியப் பெயர்களை அடுக்கிக்கொண்டு போவேன். "வால்ராஸ் என்ன சொல்கிறார் என்றால்" என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் அடங்கிவிடும். ஆனால் வால்ராஸ் எழுதியதில் ஒரு பக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்த ஆங்கிலப் பாடநூலில் அவருக்கு இரண்டரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். என் நோட்ஸில் அது ஒன்றரைப் பக்கமானது. பையன்களின் பரீட்சைத் தாளுக்கு வந்தபோது அரைப் பக்கம்.

அந்த இரண்டரைப் பக்கத்தில் ஓர் ஏலக்காரர் வருவார். எல்லாச் சரக்குக்கும் அவரே விலை கூவுவார். வாங்க வருவதும் விற்க வருவதும் சரிக்குச் சரியாகும்வரை விலையை ஏற்றி இறக்குவார். அதுவரை ஒரு பொருளும் கைமாறக் கூடாது. ராஜபாளையத்து மாந்தோப்பு ஏலத்தைச் சொல்லி, குரலையும் மாற்றிக் கூவிக் காட்டுவேன். வகுப்பு சிரிக்கும். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாடம் அது. ஓய்வு பெற்ற பிறகு, வில்லியம் ஜாஃபே 1954இல் ஆங்கிலத்தில் பெயர்த்த வால்ராஸின் நூல் கைக்கு வந்தது. முதல் வேலையாக என் ஏலக்காரரைத்தான் தேடினேன். தரகர்களும் கூவி விற்பவர்களும் நடத்தும் சந்தைகளைப் பற்றி வால்ராஸ் பேசுகிறார். எல்லாச் சரக்குக்கும் ஒற்றை ஆளாக விலை கூவும் அந்த மனிதரோ அங்கே இல்லவே இல்லை. பின்னால் வந்தவர்கள் விளக்கத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்திய ஆள் அவர். இல்லாத ஒருவர் பெயரில் மூன்று தலைமுறை மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

இதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு. இங்கிலாந்துக்காரர்களே படிக்கவில்லை, நான் எம்மாத்திரம்? அதுவும் பொய்யில்லை. கூர்னோ 1838இல் பிரெஞ்சில் எழுதியது ஆங்கிலத்துக்கு வர 1897 ஆனது. மெங்கர் 1871இல் ஜெர்மனில் எழுதியது 1950இல் வந்தது. வால்ராஸ் 1874இல் வெளியிட ஆரம்பித்த நூலுக்கு எண்பது வருடம். பரேட்டோ 1906இல் இத்தாலிய மொழியில் எழுதிய கையேட்டுக்கு 1971 வரை. மீசஸ் என்பவர் பணத்தைப் பற்றி ஜெர்மனில் எழுதிய நூலுக்கு 1914இல் மதிப்புரை எழுதிய இங்கிலாந்துக்காரர் கெய்ன்ஸ், அதில் புதிதாக ஒன்றுமில்லை என்கிற தொனியில் எழுதிவிட்டார். பதினாறு வருடம் கழித்துத் தம் பணவியல் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் தமக்கு ஜெர்மனில் தெளிவாகப் புரியும் என்று அவரே ஒத்துக்கொண்டார். புரியாததைப் புதிதில்லை என்று தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம்!

அந்தச் சமாதானத்தைக் குலைத்தவர் இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ். கோசன் என்ற ஜெர்மானியர் 1854இல் ஒரு நூல் எழுதினார். விற்கவில்லை. மிச்சப் பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்; 1858இல் செத்துப்போனார். அது தெரியாமல், கிட்டத்தட்ட அதே கருத்துகளைத் தாமே யோசித்து 1871இல் நூலாக வெளியிட்டுப் புகழ் பெற்றார் ஜெவன்ஸ். 1878இல் ராபர்ட் ஆடம்சன் என்ற நண்பர் கோசனின் நூலைக் கண்டெடுத்து விவரம் சொன்னார். ஜெவன்ஸுக்கு ஜெர்மன் தெரியாது. மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வருடம் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே, எனக்கு முன்பே இவர் சொல்லிவிட்டார் என்று எழுதினார்.

நம் நாட்டிலும் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். ஜெர்மானியரான லிஸ்டின் நூல் லண்டனில் ஆங்கிலமாக வந்தது 1885இல். 1892இல் பூனா டெக்கான் கல்லூரியில் பேசிய பொருளியல் சிந்தனையாளர் ரானடே, லிஸ்ட் முதலான ஐரோப்பியரைச் சாட்சிக்கு அழைத்து, இங்கிலாந்தின் பொருளியல் விதி எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்று வாதாடினார். ஆக, மொழி தெரியாதது குற்றமில்லை. என் குற்றம் என்ன என்று சொல்ல 1988ஆம் வருடத்துக்குப் போக வேண்டும்.

இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு ஒரு தேர்வு வைத்தேன். தேசிய வருமானத்தைக் கணக்கிடுவதில் உள்ள சிக்கல்கள் யாவை? பத்து மதிப்பெண். தே. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் பாடநூலில் இருந்த ஐந்து சிக்கல்களை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதியிருந்தான். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். வெட்டிய கல் திரும்ப முளைக்காது. விற்ற காசு முழுவதையும் வருமானம் என்று எழுதினால், வீட்டு உத்தரத்தைப் பிடுங்கி விற்றவனும் சம்பாதித்தவன்தானே? இதுதான் சாரம். இயற்கையில் எடுக்க எடுக்கத் தீர்வது ஒன்று, தீராமல் ஓடுவது ஒன்று எனக் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா பிரித்திருக்கிறார் என்றும் முடித்திருந்தான். கதர் வேலை பார்த்த தாத்தாவின் வீட்டில் குமரப்பாவின் புத்தகம் கிடந்ததாம்.

'பாடத்திட்டத்தில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மதிப்பெண் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வகுப்பில் அதைப் படித்துக் காட்டி, "தம்பி கதர்க் கடையில எக்கனாமிக்ஸ் வாங்கியிருக்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுந்து, "குமரப்பாவும் எக்கனாமிக்ஸ் படிச்சவர்தான் சார், கொலம்பியாவுல" என்றான். "உட்காருப்பா" என்றேன். அடுத்த வருடம் அவன் படிக்க வரவில்லை. வீட்டில் கஷ்டம் என்றார்கள். அதுதான் காரணமாக இருக்கும் என்று நம்பவே எனக்கும் ஆசை.

அவன் சொன்னது அத்தனையும் சரி. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த குமரப்பா, லண்டனில் கணக்காயராகி, பிறகு கொலம்பியாவில் செலிக்மனிடம் பொது நிதி படித்தவர். செலிக்மன் பெர்லினிலும் ஹைடெல்பெர்க்கிலும் பயின்றவர். நான் பெயரளவில் ஒப்பித்த ஐரோப்பியப் படிப்பின் ஒரு வாய்க்கால், லண்டனைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. 1960 ஜனவரி 30 அன்று இறக்கும் முன், கடைசி வருடங்களில் குமரப்பா தங்கியிருந்தது கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் நூறு தடவையாவது கல்லுப்பட்டியைக் கடந்திருக்கிறேன். இறங்கி டீ குடித்திருக்கிறேன். ஆசிரமப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

1996இல் மதுரை புதுமண்டபத்தில், பழைய புத்தகங்களுக்கு நடுவே ஷூமாக்கர் கிடைத்தார். பான் நகரில் பிறந்த ஜெர்மானியர். இங்கிலாந்தில் குடியேறி ஆங்கிலத்தில் எழுதியவர். 'சிறியதே அழகு' வந்தது 1973இல். இயற்கையின் முதலை எடுத்துத் தின்றுவிட்டு அதை வருமானம் என்கிறோமே என்று முதல் அத்தியாயத்திலேயே கேட்கிறார். ஆஹா என்று பஸ்ஸிலேயே கோடு போட்டுப் படித்தேன். பௌத்தப் பொருளியல் பற்றிய அத்தியாயத்தில், வேலையின் தன்மையைச் சொல்ல ஒருவரை மேற்கோள் காட்டுகிறார். பெயரைப் பார்த்தேன். ஜே.சி. குமரப்பா. பஸ் அப்போது திருமங்கலம் தாண்டியிருந்தது.

அன்றே திருந்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அடுத்த வாரமே வகுப்பில், "ஷூமாக்கர் என்ன சொல்கிறார் என்றால்" என்று ஆரம்பித்தேன். இங்கிலாந்தின் நிலக்கரி தீர்ந்துபோகுமே என்று 1865இல் ஒரு புத்தகமே எழுதிய ஜெவன்ஸையும் சேர்த்துக்கொண்டேன். உதாரணத்துக்கு ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் பள்ளம். என் அப்பா வேலை பார்த்த பள்ளம், மழைத்தண்ணீர் நின்றால் நான் நீந்திய பள்ளம். ஆனால் அந்த உதாரணம் என்னுடையதல்ல, அந்தப் பையனுடையது. குமரப்பாவின் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் பழைய கதை யாருக்காவது ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம். அதையே திருப்பி எழுதிய மாணவர்களுக்குப் பத்துக்கு எட்டு போட்டேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடத்தினேன்.

ஜெர்மனில் எழுதியவனை இங்கிலாந்துக்காரன் எண்பது வருடம் வாசலில் நிறுத்தினான் என்று வகுப்பில் கேலி பேசியவன் நான். ஒரு ஜெர்மானியன் ஆங்கிலத்தில் சொல்லும்வரை, பக்கத்து ஊர்க்காரனையும் என் மாணவனையும் வாசலில் நிறுத்தியவனும் நானே. ஜெவன்ஸுக்கு ஒரு வருடம் போதுமாயிருந்தது. எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இப்போது பாடம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிக்காத நூலைப் படிக்கவில்லை என்று வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. பாடத்திட்டத்தில் இல்லாத விடை ஒன்று வந்தால், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதை எங்கே படித்தாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவன் கல்லுப்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பான்.